குமிழிக் கூடு – 9: வெள்ளிக்கிழமை வாசம்

கதவைத் திறந்ததும் ரௌஷானின் கண் மருமகளின் முகத்துக்குப் போகவில்லை. அவள் கையில் இருந்த பைக்குத்தான் போனது.

பெரிய பை. இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகிறவர்கள் தூக்கி வருகிற பை இல்லை. என்னை மூட்டை கட்டிக்கொண்டு போகத்தான் இவ்வளவு பெரிதாகக் கொண்டுவந்திருக்கிறாள் என்று ரௌஷான் நினைத்துக்கொண்டாள்.

"உள்ள வா. வாசப்படியில நின்னு பேசக் கூடாது."

அக்போதா உள்ளே வந்து பூட்ஸைக் கழற்றினாள். அதில் ஒட்டியிருந்த பனி மிதியடியில் உதிர்ந்து கரைந்தது. சுரங்க நகரமான கரகண்டாவின் பனி வெள்ளையாக இருக்காது. நிலக்கரிப் புகை படிந்து, சாம்பல் தூவிய மாதிரி இருக்கும்.

"ரயில்ல வந்தியா?"

"முதல் ரயில், அத்தை."

"தௌரென் வரலையா?"

"அவருக்கு வேலை."

இதற்கு மேல் ரௌஷான் கேட்கவில்லை. மகன் ஏன் மனைவியை மட்டும் அனுப்பினான் என்று தனக்குத் தெரியும் என்றே நம்பினாள். போன வாரத் தொலைபேசிப் பேச்சு இன்னும் காதிலேயே இருந்தது. அப்பா போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது, தனியாக அந்த வீட்டில் என்ன செய்கிறீர்கள், அஸ்தானாவுக்கு வந்து எங்களோடு இருங்கள் என்று தௌரென் வழக்கம்போல ஆரம்பித்தான். மீன் குஞ்சு பொரித்திருக்கிறது, அதை விட்டுவிட்டு எப்படி வருவேன் என்று அவளும் வழக்கம்போலத் தப்பிக்கப் பார்த்தாள்.

"இந்தக் குஞ்சும் செத்துப்போச்சுன்னா வருவீங்களா?" என்று அவன் கேட்டான்.

வீம்பில் சொல்லிவிட்டாள். "வர்றேன்."

அப்பா போனதிலிருந்து தினமும் சாயங்காலம் அவன் கூப்பிட்டுக் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "கூட யாரும்மா இருக்கா?" அவள் பதிலும் ஒன்றுதான். "மீனும் நானும்தான்."

---

தொட்டி சமையலறையில் இருந்தது. அந்த வீட்டில் குளிர்காலத்தில் உண்மையாகவே வெதுவெதுப்பாக இருக்கிற இடம் அது ஒன்றுதான். அடுப்புக்கும் ஜன்னலுக்கும் நடுவில், அவள் கணவர் கைரோல்லா தானே அறைந்து மாட்டிய பலகையில் தொட்டி உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் ஊறுகாய் ஜாடிகளில் தண்ணீர் நிரப்பி வரிசையாக வைத்திருந்தது. கடைசி ஜாடியில் கிழட்டு ஆண் மீன் தனியாகக் கிடந்தது.

ஃபைட்டர் மீன். பித்தளை நிற உடம்பு, வால் ஓரத்தில் மட்டும் பால் வெள்ளை. கைரோல்லா சுரங்கத்தில் மின்சார வேலை பார்த்த காலம் முழுக்க, ஜோடி மாற்றி ஜோடி மாற்றி இந்த நிறத்தைக் கொண்டுவந்தார். வேறு யாரிடமும் இது கிடையாது. அதற்கு பாத்தீர், அதாவது வீரன், என்று பெயர் வைத்ததும் அவர்தான். வீரன் இப்போது ஜாடியின் அடியில் சாய்ந்து படுத்திருந்தான். வால் வெள்ளை மஞ்சளடித்துவிட்டது.

"இன்னும் ஒரு தடவை இவன் கூடு கட்ட மாட்டான்," என்றாள் ரௌஷான். "இந்த வாட்டி கட்டினதே பெரிசு. எச்சில் குமிழியை ஒண்ணு ஒண்ணா ஊதி, முட்டை கீழ விழ விழ வாயால பொறுக்கிப் பொறுக்கி மேல வெச்சான். ரெண்டு நாள் தூங்கலை."

"குஞ்சு எத்தனை இருக்கு?"

"முந்நூறு பொரிச்சிருக்கும். இப்ப ஒரு முப்பது இருந்தா அதிகம்."

அக்போதா குனிந்து பார்த்தாள். கண் இமை முடி அளவில் சில நடமாடிக்கொண்டிருந்தன. அடியில் நாலைந்து வெள்ளையாகக் கிடந்தன.

"இது மூணாவது ஈடு. முந்தின ரெண்டும் இதே வயசுலதான் போச்சு. நல்லா நீந்தும், நல்லா திங்கும், மீன்னு அடையாளம் தெரிய ஆரம்பிக்கும். அப்போ பாத்துப் போயிடும்."

ரௌஷான் ஒரு காகிதக் கைத்துடைப்பை எடுத்தாள். அதைத் தண்ணீருக்குள் நழுவவிட்டு, செத்த குஞ்சுகளை அள்ளி மேலே எடுத்தாள். ஈரக் காகிதத்தைச் சுவரோரச் சூட்டுக்குழாய்மேல் விரித்துப் போட்டாள்.

"எதுக்கு அத்தை காய வெக்கறீங்க?"

"ஈரத்தோட குப்பையில போட மனசு வரலை." காகிதத்தின் சுருக்கத்தை நீவிவிட்டாள். "காஞ்சா லேசா இருக்கும். பூந்தொட்டி மண்ணுல போட்டுடுவேன்."

அக்போதா கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். பால் விட்ட தேநீரை ரௌஷான் அரைக் கிண்ணம் ஊற்றிக் கொடுத்தாள். நிறைய ஊற்றினால் சீக்கிரம் கிளம்பு என்று அர்த்தம்.

"தண்ணியில ஏதாவது இருக்குமோ?"

"ஜாடியில ரெண்டு நாள் ஆறவெச்சுதான் ஊத்தறேன்."

"தீனி?"

"இறால் முட்டையை உப்புத் தண்ணியில பொரிக்கவெச்சு, சொட்டுச் சொட்டாப் போடறேன். மீந்தா குழாய் விட்டு உறிஞ்சிடறேன். உன் மாமனார் எப்படிச் செஞ்சாரோ அப்படியேதான். முப்பது வருஷம் அவர் முதுகையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேனே. எனக்குத் தெரியாதா?"

"சூடு?"

"நீ என்ன போலீஸா?"

அக்போதா சிரித்துவிட்டாள். வீட்டுக்குள் வந்ததிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான்.

ரௌஷானும் சும்மா இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போய்க் கேட்டிருக்கிறாள். முதல் கடைக்காரன் தண்ணீர் என்றான். இரண்டாமவன் தீனி என்றான். மூன்றாமவன், "ஒரே குடும்பத்துக்குள்ள கட்டிக் கட்டி ரத்தம் கெட்டுப்போச்சு அக்கா. புதுசா ஒரு ஆணை வாங்குங்க, என்கிட்ட சிவப்பு இருக்கு," என்றான். அந்தக் கடைப் பக்கம் அவள் மறுபடி போகவில்லை.

"எந்த நேரத்துல சாகுது, அத்தை? கொஞ்சம் கொஞ்சமாவா, ஒரேயடியாவா?"

"சனிக்கிழமை."

"எல்லா வாரமுமா?"

ரௌஷான் தேநீர்க் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பி வைத்தாள். "சனிக்கிழமை காலையில நிறைய. அப்புறம் வாரம் பூரா ஒண்ணு ரெண்டு." பிறகு எழுந்துகொண்டாள். "மாவு ரொம்ப நேரம் ஊறக் கூடாது."

---

மேசையில் துணி மூடிய பாத்திரத்தில் மாவு இருந்தது. வெள்ளிக்கிழமை. ஏழு ஷெல்பெக் சுட வேண்டும். மெல்லிசாகத் தேய்த்து எண்ணெயில் பொரிக்கிற வட்ட ரொட்டி. அது பொரியும்போது எழுகிற வாசம்தான் முக்கியம். அந்த வாசம் இறந்துபோனவர்களைப் போய்ச் சேரும், நம் வீட்டில் நம்மை நினைக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். சுட்டதும் அவர்களுக்காக ஓதி, அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட வேண்டும். கைரோல்லா போன பிறகு ஒரு வெள்ளிகூட ரௌஷான் விட்டதில்லை. காய்ச்சலில் கிடந்த அன்றும் சுட்டாள்.

"நான் தேய்க்கறேன் அத்தை."

"ரயில்ல வந்த களைப்பு இருக்கும். உக்காரு."

"உக்காந்தே வந்தேன்."

இருவரும் மாவைப் பிரித்துக்கொண்டார்கள். ரௌஷான் கட்டையை உருட்டிக்கொண்டே, எதிரில் பார்க்காமல் கேட்டாள்.

"என்னைக் கூட்டிட்டுப் போகத்தானே வந்திருக்க?"

"இல்ல அத்தை."

"பின்ன?"

"சும்மாதான் வந்தேன்."

சும்மா வருகிறவளுக்கு எதற்கு அவ்வளவு பெரிய பை என்று ரௌஷான் கேட்கவில்லை. அக்போதாவின் தொலைபேசி மேசை ஓரத்தில் குப்புறக் கிடந்தது. வந்ததிலிருந்து அது ஒருமுறைகூட ஒலிக்கவில்லை. அவள் அதைத் தொடவும் இல்லை.

சுடுவதற்கு வாணலி எடுக்க ரௌஷான் திரும்பிய நேரத்தில், சூட்டுக்குழாய்மேல் கிடந்த காகிதத்தை எடுத்து ஓரமாக வைக்கலாம் என்று அக்போதா கையை நீட்டினாள். காகிதம் மொடமொடவென்று காய்ந்திருந்தது. ஆனால் நடுவில் திட்டுத் திட்டாக ஏதோ மாதிரி இருந்தது. ஜன்னலுக்கு நேராகப் பிடித்தாள். திட்டுகளின் வழியாக எதிர்க் கட்டடத்தின் விளக்குக் கம்பம் தெரிந்தது.

மேசையில் ஷெல்பெக் அடுக்குவதற்கான தட்டு இருந்தது. போன வாரம் அதில் விரித்த காகிதத்தை ரௌஷான் இன்னும் எடுக்கவில்லை. அதிலும் அதே மாதிரித் திட்டுகள். அஸ்தானாவில் சலவைக் கடையில் துணி வாங்கி வைக்கிற வேலை அக்போதாவுக்கு. எது நீர்க் கறை, எது எண்ணெய்க் கறை என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

காகிதத்தை மடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டுவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. சொன்னால் இந்த அம்மாளுக்கு எப்படி இருக்கும்? ஆனால் வாணலியில் எண்ணெய் விழும் சத்தம் கேட்டுவிட்டது.

"அத்தை, அடுப்பைப் பத்தவெக்காதீங்க."

"ஏன்?"

"வெள்ளிக்கிழமை நீங்க ஷெல்பெக் சுடும்போது, இந்தத் தொட்டி மூடி எங்க இருக்கும்?"

ரௌஷான் எண்ணெய்க் குப்பியை மூடினாள். மறுபடி திறந்தாள். மறுபடி மூடினாள்.

"மூடித்தானே இருக்கும்?" என்றாள் அக்போதா மெதுவாக.

"திறந்துவெப்பேன்."

"எதுக்கு?"

"அவரு வேலையிலிருந்து வந்ததும் தொப்பியைக்கூடக் கழட்ட மாட்டாரு. நேரா இங்க வந்து மூடியைத் திறந்து எட்டிப் பாப்பாரு. அப்புறம்தான் நான் இருக்கேனான்னு பாப்பாரு. நான்கூடக் கத்துவேன், மீனுக்குத்தான் கல்யாணம் பண்ணிக் கொடுத்திருக்காங்க உங்களை, எனக்கில்லைன்னு." ரௌஷான் நாற்காலியில் உட்கார்ந்தாள். "வெள்ளிக்கிழமை வாசம் பிடிச்சு வீட்டுக்கு வந்தா, முதல்ல இங்கதானே வருவாரு. மூடி போட்டிருந்தா எப்படித் திறப்பாரு? கை ஏது? அதான் நானே திறந்துவெச்சேன். ஜன்னல் சின்னக் கதவையும் திறந்துவெச்சேன், உள்ள வர்றதுக்கு."

அக்போதா காகிதத்தை அவள் கையில் கொடுத்தாள்.

ரௌஷான் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு தட்டிலிருந்த காகிதத்தையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். முப்பது வருஷம் கணவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள். மேற்கொண்டு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இந்த மீன் பிறந்த புதிதில் மற்ற மீன் மாதிரித்தான், தண்ணீருக்குள்ளேயே மூச்சு விடும். சில வாரம் போனதும் மேலே வந்து காற்றைக் குடிக்கப் பழகும். அந்த நாளில் மேலே எண்ணெய் ஆடை படிந்திருந்தால், மூக்கை நீட்டிய குஞ்சுக்குக் காற்று கிடைக்காது. கிடைத்தாலும் அது ஜன்னல் வழியாக வந்த பனிக் காற்று, குஞ்சு தாங்காது.

"மேல வந்து வந்து பாத்திருக்குங்க," என்றாள். "நான் இங்கதான் நின்னுட்டிருந்தேன்."

"அத்தை, உங்களுக்குத் தெரியாது இல்லையா?"

"எனக்கு வேற ஒண்ணு தெரியும்னு நினைச்சிட்டிருந்தேன்." ரௌஷானின் குரல் இறங்கிவிட்டது. "சனிக்கிழமை சனிக்கிழமை சாகுதே, ஏன்னு நினைச்ச? அவரு வர்றாரு, மீனைப் பாக்கறாரு, போகும்போது கொஞ்சத்தைக் கூட்டிட்டுப் போறாருன்னு நினைச்சேன். அங்க அவருக்குத் தனியா இருக்கும். கொண்டு போகட்டும்னு விட்டுட்டேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் அள்ளி எடுக்கும்போது எனக்குக் கோபம்தான் வரும். மீனைக் கூட்டிட்டுப் போறாரு. என்னை ஒரு வார்த்தை கேக்கலை."

தேய்த்து வைத்த ஏழு வட்டங்களும் மேசையில் காய ஆரம்பித்திருந்தன. அக்போதா அவற்றின் மேல் துணியை இழுத்துப் போர்த்தினாள். வேறென்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

---

"இன்னிக்கு ஒரு நாள் சுடாம விட்டா என்ன அத்தை?"

"விட்டா அவரு வாசல் வாசலா அலைவாரு."

"மூடியை இறுக்கிப் போட்டுச் சுடுவோம்."

"காத்து உள்ள ஊதற மோட்டார் இருக்கே. இந்தச் சமையல்கட்டுக் காத்தைத்தானே அது உள்ள தள்ளும்?"

"தொட்டியை அந்த அறைக்குத் தூக்கிடலாமா?"

"அங்க குளிரு. இதுங்க தாங்காது."

இருவரும் தொட்டியைப் பார்த்தார்கள். ஒரு குஞ்சு மேலே வந்தது, முட்டியது, கீழே போனது. ரௌஷான் சட்டென்று புதுக் கைத்துடைப்பு ஒன்றை விரித்துத் தண்ணீர்மேல் படுக்கவைத்தாள். நான்கு மூலையையும் பிடித்துத் தூக்கினாள். இன்னொன்று. இன்னொன்று. ஒரு கட்டுக் காகிதமும் தீரும் வரை இருவரும் மாற்றி மாற்றி மேல்படையை ஒற்றி எடுத்தார்கள். பிறகு ரௌஷான் மூடியைப் போட்டாள்.

"பால்கனி," என்றாள்.

"இந்தக் குளிர்லயா?"

"கோட்டு இருக்கில்ல?"

அக்போதா உள்ளே போய்ப் பையைத் திறந்து தடித்த கம்பளிச் சட்டையைத் தேடி இழுத்தாள். அதோடு சேர்ந்து வேறொன்றும் வெளியே வந்து தரையில் விழுந்தது. பூப்போட்ட, கையில்லாத கோடைக்கால உடை. வெளியே பனி தரைத்தள ஜன்னலைத் தொட்டுக்கொண்டிருந்தது. அக்போதா அதை அவசரமாக உள்ளே திணித்தாள். வாசலில் நின்ற ரௌஷான் பார்த்தாள். பார்க்காத மாதிரி ஒற்றை மின்சார அடுப்பைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்கு நடந்தாள்.

சமையலறைக் கதவைச் சாத்தி, அடியில் துண்டைச் செருகினார்கள். பால்கனியில் இரண்டு கம்பளிக் கோட்டுகளும் ஒரு வாணலியும் நிற்கத்தான் இடம் இருந்தது. எண்ணெய் சூடாவதற்குள் அக்போதாவின் மூக்கு நுனி சிவந்துவிட்டது. முதல் ஷெல்பெக் விழுந்ததும் வெள்ளைப் புகை நேராக மேலே எழும்பியது.

கீழ்த் தளத்துப் பால்கனிக் கதவு திறந்தது. சுரங்கத்தில் கைரோல்லாவோடு வேலை பார்த்த பெக்தாஸ் கழுத்தை வெளியே நீட்டினார்.

"ரௌஷான், என்ன, வீடு உங்களை வெளிய தள்ளிடுச்சா?"

"வாயை மூடிக்கிட்டு மேல வாங்க. உங்களுக்கும் ஒண்ணு இருக்கு."

"முட்டி வலிக்குது. கயித்துல இறக்குங்க."

"திங்கறதுக்கு மட்டும் வாய் வலிக்காது."

"கூட யாரு? உங்க மருமகளா? மாமியாரைப் பாக்க இவ்வளவு தூரம் வர்ற மருமக இந்தக் காலத்துல இருக்காளா? ஏதாவது வேலைக்காக வந்திருப்பா, பாத்துக்குங்க."

அக்போதாவின் கை வாணலிமேல் ஒரு கணம் நின்றது. ரௌஷான் கீழே குனிந்து சொன்னாள். "ஆமா, வேலைக்குத்தான் வந்திருக்கா. மீன் வேலைக்கு."

சூடான ஷெல்பெக் ஒன்று பிளாஸ்டிக் பைக்குள், கம்பளி நூல் கட்டி, கீழே இறங்கியது. பெக்தாஸ் அதை வாங்கிக்கொண்டு தொப்பியைத் தொட்டார். அவர் உதடு அசைந்தது. கைரோல்லாவுக்காகத்தான்.

ரௌஷான் புகை போகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சமையல்கட்டுலன்னா வீட்டுக்குள்ள நிக்கும். இது எங்கயோ போகுது. அவருக்கு வழி தெரியுமா?"

"மீன் மாமா பகல் பூரா பூமிக்குள்ள இருந்தவரு," என்றாள் அக்போதா. மாமனாரின் பெயரை மருமகள் சொல்லக் கூடாது என்பதால் கல்யாணமான நாளிலிருந்து அவள் வைத்த பெயர் அது. "மேல வந்ததும் முதல்ல வெளிக் காத்துலதான் நிப்பாருன்னு நீங்கதான் சொல்லியிருக்கீங்க."

ரௌஷான் அடுத்ததைப் போட்டாள்.

ஓதி முடித்து, கைகளால் முகத்தைத் தடவிக்கொண்டார்கள். ஆறு ஷெல்பெக் ஆறு வீட்டுக்குப் போயின. ஏழாவது வழக்கமாக எதிர் வீட்டுக்குப் போகும். எதிர் வீடு பூட்டியிருந்தது. ரௌஷான் அதை இரண்டாகப் பிய்க்காமல் முழுசாக அக்போதாவிடம் கொடுத்தாள்.

"சாப்பிடு, என் ஒட்டகக் கன்னே."

அக்போதா என்றால் வெள்ளை ஒட்டகக் கன்று. பெற்ற அம்மா அப்படித்தான் கூப்பிடுவாள். மாமியார் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. அக்போதா தலையைக் குனிந்தபடியே தின்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, எண்ணெய்ப் புகை என்றாள். புகை எப்போதோ போய்விட்டிருந்தது.

---

சனிக்கிழமை விடிந்ததும் ரௌஷான் சமையலறைக்குப் போனாள். பழக்கத்தில் கை மூடிக்குப் போனது. பாதியில் நிறுத்தி முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். அவரும் இனிமேல் கண்ணாடி வழியாகத்தான் பார்க்க வேண்டும். கோபித்துக்கொண்டாலும் சரி.

முழங்காலிட்டுப் பார்த்தாள். அடியில் ஒன்று கிடந்தது. ஒன்றே ஒன்று. மணலை ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை தேடினாள். வேறு இல்லை.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு குஞ்சு மேலே போனது. தண்ணீர்த் தோலை மூக்கால் தொட்டது. ஊசிமுனை அளவு ஒரு குமிழி விட்டது. வாலை உதறிக்கொண்டு கீழே வந்தது. பிறகு இன்னொன்று. வெளிச்சம் பட்டபோது அதன் உடம்பில் லேசாகப் பித்தளை தெரிந்தது.

பக்கத்தில் மூச்சுச் சத்தம் கேட்டது. அக்போதா தூக்கக் கலக்கத்தோடு, அவளைப் போலவே முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"இருக்கா அத்தை?"

"இருக்கு."

அப்போது ரௌஷானின் தொலைபேசி அடித்தது. தௌரென். அவன் இந்த நேரத்தில் கூப்பிடுவதில்லை. சாயங்காலம்தான். நேற்றுச் சாயங்காலம் கூப்பிடவே இல்லை. எடுத்தாள். மகனின் குரல் தூங்காதவன் குரலாக இருந்தது.

"அம்மா, கூட யாராவது இருக்காங்களா?"

ரௌஷான் திரும்பினாள். அக்போதாவின் முகம் வெளுத்திருந்தது. அவள் மெதுவாக, ஒரே ஒருமுறை, தலையை மட்டும் இடமும் வலமுமாக அசைத்தாள். அந்தப் பெரிய பையும் கோடை உடையும் ரௌஷானுக்கு இப்போதுதான் புரிந்தன: தௌரென் இவளை அனுப்பவில்லை, இவளே அவனை விட்டு வந்திருக்கிறாள்.

ஒரு வருஷமாக ஒவ்வொரு சாயங்காலமும் சொன்ன பதில்தான். இன்றுவரை ஒரு நாளும் அது பொய்யாக இருந்ததில்லை.

"மீனும் நானும்தான்," என்றாள் ரௌஷான்.